ஊரார் பெட்டியில் நம் குளிர்

உறைபதன ஆலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் என் கையில் கொடுக்கப்பட்ட கருவி ஒரு கைத்துளைப்பான். தச்சர்கள் வைத்திருப்பார்களே, கைப்பிடியைச் சுற்றினால் மரத்தில் ஓட்டை விழும், அதேதான். 'தரக்கட்டுப்பாடு' என்று வாசலில் பலகை மாட்டியிருந்ததால் உள்ளே நுண்ணோக்கி, கண்ணாடிக் குழாய், வெள்ளைக் கோட்டு எல்லாம் இருக்கும் என்று நினைத்துப் போனவன் நான். வெள்ளைக் கோட்டு இருந்தது. அதற்கு மேல் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

வேலை இதுதான். குளிர்பதன வண்டி வந்து நிற்கும். கதவைத் திறந்ததும் முன்வரிசையில் ஒரு அட்டைப்பெட்டி, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று எடுக்க வேண்டும். உள்ளே பாறையாக இருக்கும் சரக்கில் துளை போட்டு, வெப்பமானியின் குச்சியைச் செருகி, எண் நிலைக்கும்வரை நின்று, பதிவேட்டில் எழுத வேண்டும். மைனஸ் 18 என்றாலோ அதற்குக் கீழே என்றாலோ இறக்கலாம். மேலே என்றால் மேலாளரைக் கூப்பிட வேண்டும்.

மூன்றாவது மாதம் ஓர் இரவு பட்டாணி வந்தது. துளை போட்டேன். மைனஸ் 9. இன்னொரு பெட்டியில் மைனஸ் 11. ஓட்டுநர் என்னைவிட இருபது வயது மூத்தவர், பின்னால் வந்து நின்றார்.

"சார், டிஸ்ப்ளேல பாருங்க, மைனஸ் இருபது காட்டுது. உங்க குச்சிதான் கோளாறு."

"அண்ணே, அது காத்தோட குளிரு. சரக்கோட குளிரு இதுதான்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குரலை இறக்கிச் சொன்னார்: "நாலு மணி நேரம் யூனிட்ட ஆஃப் பண்ணித்தான் வெச்சிருந்தேன். ஓனர் டீசல் கணக்குக் கேக்குறாரு, நான் என்ன பண்ணட்டும்?"

மேலாளர் வந்தார். பதிவேட்டைப் பார்த்தார். "ஏத்து உள்ள. ரூம்ல வெச்சா காலைக்குள்ள இறங்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது பொய்யில்லை. காலையில் துளை போட்டபோது மைனஸ் 18தான் காட்டியது. ஆனால் ஒரு பையைக் குலுக்கியபோது சத்தம் வரவில்லை. தனித்தனியாக உருள வேண்டிய பட்டாணி கட்டி தட்டியிருந்தது. பையின் உட்புறத்தில் வெள்ளைத் தூள்போல் உறைபனி. நடந்தது அங்கே எழுதியே இருந்தது, வெப்பமானிக்குத்தான் தெரியவில்லை.

அந்த ஆலையில் நான் நெடுநாள் இருக்கவில்லை. ஆனால் அந்த இரவுக்குப் பிறகு உறைபதன நிறுவனங்களின் வரலாறுகளைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வியோடுதான் படிக்கிறேன். நிறுவனர் எவ்வளவு துணிச்சல்காரர், எத்தனை நாட்டில் ஆலை கட்டினார் என்பதெல்லாம் இருக்கட்டும், ஆலை வாசலைத் தாண்டிய பிறகு குளிரை யார் பார்த்துக்கொண்டார்கள்? டீசலுக்கு யார் காசு கொடுத்தார்கள்? கடையில் ஃப்ரீசர் பெட்டியை யார் வாங்கினார்கள்? உறைந்த உருளைக்கிழங்கு வறுவல் (ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ்) செய்யும் கனடாவின் மெக்கெய்ன் நிறுவனத்தின் கதையையும் இந்தக் கேள்விகளோடுதான் படித்தேன்.

கொஞ்சம் இயற்பியல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே சொல்லப்போவது பிடிபடாது. காய்கறியில் பெரும்பகுதி தண்ணீர். உருளைக்கிழங்கில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. அந்தத் தண்ணீர் மெதுவாக உறைந்தால் பெரிய பெரிய பனிப்படிகங்களாக வளர்ந்து செல்சுவரைக் கிழித்துவிடும். உருகியதும் கிழிந்த இடம் வழியாகச் சாறு வடியும், காய் துணிபோலத் துவண்டுவிடும். வேகமாக உறைந்தால் படிகம் சிறிது, சேதமும் சிறிது. மைனஸ் 1 முதல் மைனஸ் 5 வரையிலான பட்டைதான் ஆபத்தான இடம். தண்ணீரின் பெரும்பகுதி அங்கேதான் கட்டியாகிறது. அதை எவ்வளவு சீக்கிரம் கடக்கிறோம் என்பதில்தான் உறைபதனக்காரனின் திறமை.

ஆனால் சிறிய படிகம் சிறியதாகவே இருந்துவிடாது. குளிர் ஏறி இறங்க இறங்க, சிறிய படிகங்கள் கரைந்து பெரியவற்றோடு ஒட்டிக்கொள்ளும். ஆலையில் சில நிமிடங்களில் கெட்டிக்காரத்தனமாகச் செய்ததை நெடுஞ்சாலையில் நாலு மணி நேரம் அழித்துவிடும். என் பட்டாணிக்கு நடந்தது அதுதான்.

மைனஸ் 18 என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் ஏதோ அறிவியல் மந்திரம் இருக்கிறது என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன். பாரன்ஹீட்டில் 0 என்பதைச் செல்சியஸில் மாற்றினால் மைனஸ் 18 வரும், அவ்வளவுதான். அமெரிக்கர்களுக்கு வாய்க்கு வசதியான முழு எண். 1948இலிருந்து கலிபோர்னியாவின் ஆல்பனியில் இருந்த அரசு வேளாண் ஆய்வுக்கூடத்தில் எந்தக் குளிரில் எந்த உணவு எவ்வளவு காலம் தாங்கும் என்று ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். அந்த 0 பாரன்ஹீட்டில் பெரும்பாலான பண்டங்கள் பல மாதங்கள் தாங்கின. குளிர் குறையக் குறைய ஆயுள் மளமளவென்று சரிந்தது. இன்னொன்றும் தெரியவந்தது. வழியில் இழந்த ஆயுளைப் பிறகு எவ்வளவு குளிர வைத்தாலும் திரும்பப் பெற முடியாது. ஏறிய வயது ஏறியதுதான்.

எங்கள் மேலாளருக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் ஏற்றச் சொன்னார்.

இந்தத் தொழிலைத் தொடங்கிவைத்தவர் என்று எல்லோரும் சொல்லும் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐயின் கதையிலும் நான் தேடியது இதைத்தான். அவர் 1912இல், இன்று கனடாவில் இருக்கும் லாப்ரடார் என்ற குளிர்ப்பகுதிக்குப் போனவர். மைனஸ் 40 டிகிரியில் (செல்சியஸும் பாரன்ஹீட்டும் ஒரே எண்ணைக் காட்டும் இடம் அது) அங்குள்ள பழங்குடிகளான இன்யூட் மக்கள் பிடித்துப் போட்ட மீன் உடனே உறைவதையும், மாதங்கள் கழித்து உருக்கினாலும் புதிதுபோல் இருப்பதையும் பார்த்தார். ஊர் திரும்பி இயந்திரம் செய்தார். முதல் நிறுவனம் திவாலானது. மாசசூசெட்ஸின் குளோஸ்டரில் மறுபடி தொடங்கினார். 1929இல் போஸ்டம் என்ற உணவு நிறுவனமும் கோல்ட்மேன் சாக்ஸ் என்ற முதலீட்டு வங்கியும் சேர்ந்து 2 கோடியே 20 லட்சம் டாலருக்கு அதை வாங்கிக்கொண்டன. அந்த ஆண்டு அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது. நேரம் என்றால் அதுதான் நேரம்.

1930 மார்ச் 6 அன்று ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தின் சில கடைகளில் உறைந்த இறைச்சி, மீன், கீரை, பட்டாணி எல்லாம் விற்பனைக்கு வைக்கப்பட்டன. சரக்கு நன்றாகத்தான் இருந்தது. வைப்பதற்குப் பெட்டிதான் எந்தக் கடையிலும் இல்லை. நிறுவனமே காட்சிப்பெட்டிகளைக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பெட்டி பெரும் விலை, மின்சாரத்தையும் குடித்துத் தள்ளும். மளிகைக்காரர் ஏன் வாங்கப்போகிறார்? 1934 வாக்கில் அமெரிக்கன் ரேடியேட்டர் நிறுவனத்தைக் கொண்டு மலிவான பெட்டிகள் செய்து வாடகைக்கு விட்ட பிறகுதான் கடைகளின் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. குளிரூட்டிய ரயில்பெட்டிகளுக்கு இன்னும் பத்தாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. படிகத்தை அடக்கக் கற்றுக்கொண்ட மனிதர் மளிகைக்காரரின் மின்கட்டணத்தின்முன் கைகட்டி நின்றார் என்றுதான் இதை நான் படிக்கிறேன்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த நிறுவனத்துக்கு வருகிறேன்: கனடாவின் மெக்கெய்ன்.

நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் செயின்ட் ஜான் ஆற்றங்கரையில் ஃபுளோரன்ஸ்வில் என்று ஒரு சின்ன ஊர். உருளைக்கிழங்கு விளையும் பூமி. அங்கே மெக்கெய்ன் குடும்பம் விதைக்கிழங்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. அப்பா 1953இல் இறந்தார். பிள்ளைகளில் ஹாரிசன், வாலஸ் இருவரும் அப்போது கே. சி. இர்விங் என்ற பெருமுதலாளியிடம் வேலை பார்த்தவர்கள். ஒருவர் பெட்ரோலிய விற்பனையில், இன்னொருவர் இரும்புச் சாமான் கடை நிர்வாகத்தில். இருவரும் வேலையை விட்டார்கள். அண்ணன்மார் ஆண்ட்ரூவும் ராபர்ட்டும் பணம் போட்டார்கள், மாகாண அரசின் கடன் உத்தரவாதமும் கைகொடுத்தது. மாடு மேய்ந்த நிலத்தில் ஆலை எழும்பி 1957 பிப்ரவரி 23 அன்று திறந்தது. முப்பது வயதைத் தொடாத முதலாளிகள் இருவர், வேலையாட்கள் 30 பேர். முதல் ஆண்டு விற்பனை 1,52,678 டாலர். கடைசி எட்டு டாலர்வரை இந்த எண்ணை அவர்கள் இன்றும் சொல்லிக்கொள்வது எனக்குப் பிடிக்கும். சின்ன ஆலையில் எட்டு டாலரும் கணக்கில் வரும்.

தொழில்நுட்பம் அவர்களுடையது இல்லை. உறைந்த உருளைக்கிழங்கு வறுவலை அமெரிக்காவின் ஐடஹோவில் சிம்ப்ளாட் நிறுவனத்தின் வேதியியலாளர் ரே டன்லப் 1940களிலேயே செய்துகாட்டிவிட்டார். தோலை நீக்கி, நீளநீளமாக வெட்டி, வெந்நீரில் முக்கி, எண்ணெயில் பாதி வறுத்து, உறையவைத்தல். வெந்நீரில் முக்குவதை ஆலைகளில் பிளாஞ்சிங் என்போம். நொதிகளைக் கொல்வது, மேற்பரப்புச் சர்க்கரையைக் கழுவுவது, வறுவலின் நிறத்தைச் சீராக்குவது என்று அந்த ஒரு முக்கில் மூன்று வேலை முடிகிறது. வெட்டுவதற்கு 1960 வாக்கில் ஓரிகனின் லாம்ப் வெஸ்டன் நிறுவனம் ஒரு வழி கண்டுபிடித்தது. கிழங்கைத் தண்ணீரோடு சேர்த்துக் குழாயில் வேகமாகத் தள்ளி, நிலையாக நிற்கும் கத்திக் கட்டத்தின்மீது மோதவிடுவது. கத்தி நிற்கும், கிழங்கு பாயும். முதன்முதலாக அதை ஓடும்போது பார்த்தவர் யாராக இருந்தாலும் இரண்டடி பின்னால் நகர்வார்கள், நானும் நகர்ந்தேன். அதே காலத்தில் சுவீடன்காரர்கள் கம்பிவலைப் படுகையின் கீழிருந்து குளிர்காற்றை ஊதி, பட்டாணியை மிதக்கவிட்டே தனித்தனியாக உறையவைத்தார்கள். ஐ.க்யூ.எஃப் என்று எங்கள் ஆலையில் எல்லோரும் சொன்னது அந்த முறையைத்தான்.

ஆக, எல்லாம் சந்தையில் விலைக்குக் கிடைத்தது. மெக்கெய்ன் சகோதரர்கள் வேறெங்கோ கெட்டிக்காரர்கள்.

முதலில், விற்பதில். புது நாட்டுக்குப் போனால் அவர்கள் ஆலை கட்ட மாட்டார்கள். முதலில் கனடாவிலிருந்து சரக்கைக் கப்பலில் அனுப்புவார்கள். உள்ளூரில் விற்பனையாட்களை வைத்து, உணவகம் உணவகமாக ஏறி இறங்குவார்கள். லாபம் சொற்பம், சில நேரம் நட்டம். ஆனால் ஓர் ஆலையை நிரப்பும் அளவுக்கு ஆர்டர் சேர்ந்த பிறகுதான் நிலம் பார்ப்பார்கள். பிரிட்டனில் 1960களின் நடுவில் விற்கத் தொடங்கி, 1969இல் ஸ்கார்பரோவில் ஆலை திறந்தார்கள். ஆஸ்திரேலியாவில் 1968இல் விற்கத் தொடங்கி, பிறகு ஏற்கெனவே இருந்த ஆலையை வாங்கினார்கள். 1970களில் நெதர்லாந்து, 1981இல் பிரான்ஸின் ஆர்ன். பெரும்பாலோர் ஆலை கட்டிவிட்டு வாடிக்கையாளரைத் தேடுவார்கள். நான் வேலை பார்த்த இடமும் அந்த ரகம்தான். பாதிக் கொள்ளளவில் ஓடும் ஆலையில் கம்ப்ரசர் மட்டும் முழு மின்சாரத்தையும் கேட்கும். அந்தப் பள்ளத்தை அடைக்கத்தான் மைனஸ் 9 பட்டாணி உள்ளே போனது என்று இப்போது தோன்றுகிறது. தள்ளிவிட்டிருந்தால் அறையில் வைக்க வேறு சரக்கே இல்லை.

இரண்டாவது, வண்டி. 1967இல் மெக்கெய்ன் சகோதரர்கள் பக்கத்து ஊரான ஹார்ட்லாண்டில் இருந்த டே அண்ட் ராஸ் என்ற லாரி நிறுவனத்தை வாங்கினார்கள். வரலாறு எழுதுபவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். எனக்கோ இதுதான் கதையின் நடுப்பகுதி. டீசல் கணக்குக் கேட்பவரும் சரக்கின் குளிரைப் பற்றிக் கவலைப்படுபவரும் ஒரே ஆளாக இருந்தால், நடுவழியில் யூனிட்டை நிறுத்த யாருக்கும் மனசு வராது. அன்று என்னிடம் மாட்டிக்கொண்ட ஓட்டுநரின் முதலாளி ஒருவர், பட்டாணியின் முதலாளி வேறொருவர். கெட்டது இருவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில்.

மூன்றாவது, கிழங்கு. இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. வறுவல் ஆலைக்கு எந்தக் கிழங்கும் ஆகாது. நீளம் வேண்டும், மாவுப்பொருள் வேண்டும், தண்ணீர் குறைவாக இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் சர்க்கரை குறைவாக இருக்க வேண்டும். சர்க்கரை கூடினால் எண்ணெயில் போட்டதும் கறுத்துவிடும். வினோதம் என்னவென்றால், கிழங்கை அதிகம் குளிர வைத்தால் அது தன் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். 4 டிகிரியில் வைத்த கிழங்கு முளைவிடாமல் அழகாக இருக்கும், வறுத்தால் கரி. அதனால் வறுவலுக்கான கிழங்கை 8, 9 டிகிரியில், காற்றோட்டமாக, முளைவிடாமல் பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் காக்க வேண்டும். மைனஸ் 18இல் தொழில் செய்பவனின் பிழைப்பு பிளஸ் 9இல் இருக்கிறது.

அடுத்த சிக்கல் பயிர்க்காலம். அமெரிக்க ஆலைகளின் செல்லப்பிள்ளை ரஸட் பர்பேங்க் என்ற ரகம். அது முதிர நெடுநாள் வேண்டும். நியூ பிரன்சுவிக்கின் கோடையோ குறுகியது, செப்டம்பரிலேயே உறைபனி எட்டிப்பார்க்கும். ஃபிரெடரிக்டனில் இருந்த அரசு ஆய்வு நிலையம் ஷெபடி என்ற ரகத்தை உருவாக்கி 1980இல் வெளியிட்டது. நீளக்கிழங்கு, முன்னதாகவே முதிரும். ஆலைக்குப் புது அறுவடை சில வாரங்கள் முன்னதாக வந்து சேர்ந்தது. ஒரு ரகத்தை உருவாக்கப் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் பிடிக்கும். இந்தத் தொழிலில் காலாண்டுக் கணக்குப் பார்ப்பவனுக்குக் கிழங்கு கிடைக்காது.

விதை, உரம், பண்ணை இயந்திரம், வண்டி என்று எல்லாவற்றிலும் மெக்கெய்ன் கை வைத்தது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இங்கே அது பாதி உண்மை. ஊட்டியவர்கள் அந்தப் பிள்ளைமேல் உரிமையும் கொண்டாடினார்கள். விதையை விற்பவர், உரத்தை விற்பவர், விளைச்சலை வாங்குபவர் எல்லாம் ஒரே குடும்பம் என்றால் விவசாயி யாரிடம் பேரம் பேசுவார்? அந்தப் பகுதி விவசாயிகளிடம் இந்த முணுமுணுப்பு பல பத்தாண்டுகளாக இருந்தது. நிறுவனம் தந்த நிலையான வருமானத்தை வேண்டாம் என்றவர்களும் அதிகமில்லை. ஒப்பந்த விவசாயத்தைப் பற்றி முழு மனதோடு நல்லதென்றோ கெட்டதென்றோ எழுத என்னால் இன்றுவரை முடிந்ததில்லை.

இத்தனைக்கும் நடுவே ஊரார் பெட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதுதான் பெரிய அலை. 1960களின் பிற்பகுதியில் மெக்டொனால்ட்ஸ், அதுவரை கடையிலேயே தோல் சீவி வெட்டிக்கொண்டிருந்த கிழங்கை விட்டு, சிம்ப்ளாட்டின் உறைந்த வறுவலுக்கு மாறத் தொடங்கியது. மற்ற சங்கிலிக் கடைகளும் அதே வழியில் போயின. ஒவ்வொரு புதுக் கிளையும் திறக்கும்போதே ஒரு ஃப்ரீசரோடும் ஒரு எண்ணெய்த் தொட்டியோடும் திறந்தது. உறைபதன நிறுவனங்கள் ஒரு காசு செலவழிக்காமல் உலகம் முழுவதும் அவற்றுக்குக் கிடங்கு கிடைத்தது. மெக்கெய்னும் அதில் ஏறிக்கொண்டது. பேர்ட்ஸ்ஐயின் வாரிசுகள் மளிகைக்காரரிடம் கெஞ்சி வாடகைக்கு விட்ட பெட்டியை, இப்போது வாடிக்கையாளரே வாங்கிவைத்துக் காத்திருந்தார்.

வீடுகளிலும் அப்படித்தான். பிரிட்டனில் 1970களில் வீட்டு ஃப்ரீசர் பரவியது. ஆனால் அங்கே இன்னொரு தடை. வறுவல் என்றால் அடுப்பில் கொப்பளிக்கும் எண்ணெய்ச் சட்டி. பிரிட்டிஷ் வீடுகளில் தீவிபத்துகளுக்குப் பெரிய காரணங்களில் ஒன்று அந்தச் சட்டி. 1979இல் மெக்கெய்ன் ஓவன் அடுப்புக்குள் வைத்துச் சூடாக்கினால் போதும் என்ற வறுவலை அங்கே கொண்டுவந்தது. எண்ணெய் வேலையை ஆலையே முடித்துவிட்டது. நிறுவனத்தின் அத்தனை கண்டுபிடிப்புகளிலும் எனக்கு மிகப் பிடித்தது இது. ஃப்ரீசர் பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது சரி, அதற்குப் பிறகு அடுப்படியில் நிற்கும் ஆளின் பயம் என்ன என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார்.

பிறகு சண்டை. அண்ணன் தம்பி இருவரும் ஃபுளோரன்ஸ்வில்லில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தவர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிறுவனத்தை இணைந்தே நடத்தியவர்கள். 1990இல் வாலஸ் தன் மகன் மைக்கேலை அமெரிக்கப் பிரிவின் தலைவராக்கினார். அடுத்த தலைமுறையில் நிறுவனம் யார் கையில் என்ற கேள்வி வெடித்தது. ஹாரிசன் வெளியாள் வேண்டும் என்றார். வழக்கு, நடுவர் மன்றம் எல்லாம் பார்த்து, 1994இல் வாலஸ் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். மறு ஆண்டு அவர் மேப்பிள் லீஃப் ஃபுட்ஸ் என்ற இறைச்சி நிறுவனத்தை ஒரு ஓய்வூதிய நிதியத்தோடு சேர்ந்து வாங்கி, மகன்களோடு அங்கே போய்விட்டார். கனடாவின் பத்திரிகைகள் இதைப் பக்கம் பக்கமாக எழுதின. எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. எந்தக் குடும்ப நிறுவனத்திலும் நடப்பதுதான். கவனிக்க வேண்டியது, சண்டை நடந்த அந்த ஆண்டுகளிலும் ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. 1997இல் அவர்கள் ஹைன்ஸ் நிறுவனத்திடமிருந்து 'ஓர்-ஐடா' (Ore-Ida) என்ற உறைந்த கிழங்குத் தொழிலில், உணவகங்களுக்குச் சரக்கு கொடுக்கும் பிரிவை வாங்கினார்கள். அமெரிக்கச் சந்தையில் அவர்கள் கால் ஆழமாக ஊன்றியது அப்போதுதான். ஹாரிசன் 2004இல் மறைந்தார், வாலஸ் 2011இல்.

இந்தியாவுக்கு மெக்கெய்ன் 1998இல் வந்தது. இங்கும் ஆலை உடனே எழும்பவில்லை. குஜராத்தின் மேசானா மாவட்டத்தில் ஆலை ஓடத் தொடங்கியது பல ஆண்டுகள் கழித்து. நடுவில் நடந்தது பெரும்பாலும் வயல் வேலை. எந்த ரகம் தாங்கும், எவ்வளவு தண்ணீர் பாய்ச்சுவது, தெளிப்புநீர் போடலாமா என்று விவசாயிகளோடு உட்கார்ந்து பார்த்தது. 1957இன் பழக்கம் மாறவில்லை என்று படித்தபோது எனக்குள் ஒரு சின்னப் பொறாமை. எங்கள் மேலாளருக்கு இப்படி ஒரு முதலாளி வாய்த்திருந்தால் அவரும் வேறு மாதிரி ஆளாக இருந்திருப்பாரோ என்னவோ.

வளர்ச்சி என்று சொல்லும்போது மூடிய ஆலைகளையும் சொல்ல வேண்டும். பிரின்ஸ் எட்வர்ட் தீவில் போர்டன்-கார்ல்டன் என்ற ஊரில் 1991இல் திறந்த ஆலையை 2014இல் மூடினார்கள். 121 பேருக்கு வேலை போனது. அந்தத் தீவு முழுக்க உருளைக்கிழங்கு. ஆலையை நம்பிக் கிடங்கு கட்டிய விவசாயிகளுக்கு அந்த 8, 9 டிகிரிக் கிடங்கை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரிந்திருக்காது. உலகில் விற்கும் உறைந்த வறுவலில் நான்கில் ஒன்று தங்களுடையது என்று நிறுவனமே சொல்கிறது. 160 நாடுகளுக்கு மேல் சரக்கு போகிறது. அந்தக் கணக்குப்புத்தகத்தில் 121 பேர் ஒரு கடைக்குட்டி எண்.

இப்போது ஒரு புது வாதம் நடக்கிறது. அந்த மைனஸ் 18ஐ மைனஸ் 15 ஆக்கினால் என்ன? குளிரை மூன்று டிகிரி குறைத்தால் உலகம் முழுக்கக் கிடங்குகளிலும் கப்பல்களிலும் கணிசமாக மின்சாரம் மிஞ்சும், புகையும் குறையும் என்று 2023 இறுதியில் துபாய் பருவநிலை மாநாட்டின்போது ஒரு கூட்டணி அமைத்துத் தொடங்கினார்கள். வாதத்தில் நியாயம் இருக்கிறது. 0 பாரன்ஹீட் என்பது வேதவாக்கு இல்லை, முழு எண் என்பதற்காகப் பிடித்துக்கொண்டது. மைனஸ் 15இல் நுண்ணுயிர் வளராது, அந்த வகையில் பாதுகாப்பும் கெடாது.

ஆனால் துளைப்பானோடு வண்டிக்குப் பின்னால் நின்றவன் என்ற முறையில் எனக்கு ஒரு கலக்கம். மைனஸ் 18 என்று சட்டம் போட்ட காலத்திலேயே மைனஸ் 9 வந்தது. நடுவில் இருக்கும் அந்த மூன்று டிகிரியில்தான் ஓட்டுநரின் தேநீரும், கதவு திறந்து கிடக்கும் அரை மணியும், பழுதான கம்ப்ரசரும் ஒளிந்துகொண்டிருந்தன. மைனஸ் 15 ஆக்குபவர்கள் ஒவ்வொரு வண்டியிலும் பதிவுக்கருவி வைத்து, சரக்கின் குளிரை, காற்றின் குளிரை அல்ல, நொடிக்கு நொடி பார்ப்போம் என்கிறார்கள். பார்த்தால் நல்லது. அந்தக் கருவிக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்விக்கு வந்ததும் கூட்டத்தில் குரல் தாழ்ந்துவிடுகிறது. 1934இலும் இதே கேள்விதான், பெட்டி யாருடையது என்று.

அந்த ஓட்டுநரை அதற்குப் பிறகு இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தியதும் அவரே ஒரு பெட்டியைத் தூக்கிவந்து என்முன் வைத்தார். "போடுங்க சார் ஓட்டைய." முதல் முறை மைனஸ் 19. இரண்டாவது முறை மைனஸ் 17. ஒரு டிகிரி மேலே. அவர் என் முகத்தைப் பார்த்தார். விதிப்படி மேலாளரைக் கூப்பிட வேண்டும். நான் பையை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினேன். கூழாங்கல்போலச் சலசலவென்று உருண்டது. பதிவேட்டில் மைனஸ் 18 என்று எழுதினேன்.